ஆணி அடிக்கச் சம்மதம்

கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் சிவராஜ் எந்த வீட்டுச் சுவரிலும் ஓர் ஆணி அடித்ததில்லை. கேட்பவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். மாற்றலாகி மாற்றலாகிக் குடும்பம் நடத்தியவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

அவன் மனைவி மகேஸ்வரி வங்கி அதிகாரி. ஓர் ஊரில் மூன்று வருடம், மிஞ்சினால் நான்கு வருடம். அதற்குள் உத்தரவு வந்துவிடும், மூட்டை கட்ட வேண்டியதுதான். விஜயவாடா, நாக்பூர், ராய்ப்பூர், கான்பூர், புவனேஸ்வர், இப்போது கொல்கத்தா. நாக்பூரில் வீட்டைக் காலி செய்கிற அன்று வீட்டுக்காரர் சுவரில் மகேஸ்வரி அடித்திருந்த ஆணிகளின் பதினொரு ஓட்டைகளை எண்ணிக் காட்டித் தெருவே வேடிக்கை பார்க்கிற மாதிரி கத்தினார். மகேஸ்வரி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே, பற்பசையைப் பிதுக்கிப் பிதுக்கிப் பதினொரு ஓட்டைகளையும் அடைத்தாள். அன்றைக்குச் சட்டம் போட்டாள்.

"இனிமே வாடகை வீட்ல ஆணி கிடையாதுங்க. ஆணி அடிச்சா அது வீட்டோடது. நம்ம சாமான் எல்லாம் நம்மகூடக் கிளம்பி வரணும்."

அதிலிருந்து நாட்காட்டி கதவுக் கைப்பிடியில் தொங்கியது. கண்ணாடி மேசைமேல் சாய்ந்து நின்றது. கல்யாணப் போட்டோ பீரோவின் தலையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தது. ஊர் மாறினாலும் அதே பீரோ, அதே சாய்வு. பீரோ எப்படி வந்ததோ அப்படித்தான் சிவராஜும் கூட வந்தான். அவன் இயந்திரப் படம் வரைகிறவன். ஒவ்வோர் ஊரிலும் ஏதாவது ஒரு பட்டறையில் வேலை தேடிக்கொள்வான். முதலாளிக்கு இவன் பெயர் மனதில் பதிகிற சமயம் பார்த்து ராஜினாமா எழுதிக் கொடுப்பான். இதைப் பற்றி அவன் முணுமுணுத்தது கூட இல்லை. முணுமுணுக்காதவனை எல்லோருக்கும் பிடிக்கும், யாரும் எதையும் கேட்க மாட்டார்கள்.

கொல்கத்தாவில்தான் காற்று திரும்பியது. கிடர்பூரில் கப்பல் பழுது பார்க்கிற பட்டறை ஒன்றில் சேர்ந்தான். நான்காவது வருடம் தொடங்கிய ஜனவரியில் அவனை நிரந்தரமாக்கி, படப்பிரிவுக்குப் பொறுப்பாக்கி, தனி அறை ஒன்றும் கொடுத்தார்கள். அறைக் கதவில் அவன் பெயர் எழுதிய பலகையை நான்கு ஆணியால் அடித்தார்கள். ஐம்பது வயதில் முதல் பெயர்ப்பலகை. அன்று சாயங்காலம் மகேஸ்வரி சேமியாப் பாயசம் வைத்தாள். "உங்க முகமே மாறிப்போச்சு" என்றாள். இனி இந்த ஊர்தான் என்று அவன் மனதுக்குள் முடிவு கட்டிக்கொண்டான். வாய் திறந்து சொல்லவில்லை. அது அவன் செய்த தப்பு, அதை மறைப்பானேன்.

மார்ச் கடைசியில் வெயில் பிடித்துக்கொண்டது. அவர்கள் குடியிருந்தது பாலிகஞ்சில் மாதவி மாஷிமாவின் பழைய வீட்டு மாடி. மாஷிமா என்றால் அந்த ஊரில் சித்தி, பெரியம்மா மாதிரி. கீழ்வீட்டில் தனியாக இருக்கிற எழுபது வயதுக்காரி. மாடியில் மேற்குப் பக்கம் ஆள் உயர ஜன்னல்கள் நான்கு. வெளிப்பக்கத்துப் பச்சைப் பலகைக் கதவுகள் பாதி உளுத்து, பாதி உதிர்ந்து, மூன்று மணி வெயில் நேரே கட்டில்மேல் வந்து படுத்துக்கொள்ளும். திரைச்சீலைக்கெல்லாம் அது அடங்கவில்லை.

சிவராஜுக்கு ஒரு யோசனை. பட்டறைக்கு இயந்திர உதிரிகள் வருகிற பெரிய மரப்பெட்டிகளைப் பிரித்து மூலையில் குவித்திருந்தார்கள். நல்ல பைன் பலகை. அதில் ஜன்னலுக்கு உள்பக்கமாகக் கதவு செய்து மாட்டிவிட்டால் வெயிலும் அடங்கும், தெருச் சத்தமும் அடங்கும். ஆனால் கீலை ஜன்னல் நிலையில் திருகாணி போட்டு முடுக்க வேண்டும். சுவர் இல்லை, நிலைதான். ஆனாலும் இரவல் வீடு. சட்டம் சட்டம்தான்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டான். பெண் கேட்கப் போனபோது கூட அவனுக்கு இவ்வளவு படபடப்பு இருந்ததில்லை.

"மகேஸ், ஜன்னல் நிலையில ஆணி அடிக்கலாமா?"

அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒரு கணம் கரண்டி நின்றது.

"அடிங்களேன்" என்றாள்.

அந்த ஒரு சொல்லில் சிவராஜுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஆணி அடிக்கலாம் என்றால் இந்த வீட்டில் இருக்கப் போகிறோம் என்று அர்த்தம். அவர்கள் வீட்டில் அதற்கு வேறு அர்த்தமே கிடையாது. நிலையில் துளை போடலாமா என்று மாஷிமாவைக் கேட்டான், அவளும் தாராளமாகப் போடு என்றாள். அடுத்த ஞாயிறே ஒரு சின்ன டெம்போவில் பலகைகள் வந்து இறங்கின.

ஆணி பிடுங்குவதிலேயே இரண்டு ஞாயிறு போயிற்று. பலகையை வழவழப்பாக இழைக்க அவனுக்கு மனம் வரவில்லை. ஓரங்களை மட்டும் இழைத்தான். முகப்பில் பழைய ஆணித் துளைகளும், துருவின் கறுப்பு வளையமும், ஏதோ துறைமுகத்தில் குத்திய புரியாத எழுத்துகளும் அப்படியே இருந்தன. வர்ணம் கிடையாது, ஆளிவிதை எண்ணெய் மட்டும். "பார்சலுக்குள்ள குடியிருக்கிற மாதிரி இருக்குங்க" என்று மகேஸ்வரி கேலி செய்தாள். அவன் சிரித்தான். அந்த மாதங்களில் அவன் எதற்கும் சிரித்தான்.

முதல் ஜன்னலில் அவன் மூக்கு உடைந்தது. மேலே அளந்த அகலத்தையே கீழேயும் நம்பி இரண்டு கதவுகளையும் வெட்டிவிட்டான். மாட்டிப் பார்த்தால் கீழே இடித்துக்கொண்டு மூட மாட்டேன் என்றது. நூறு வருடத்து வீட்டில் எந்த ஜன்னல் நேராக நிற்கும்? அதன் பிறகு ஒவ்வொரு ஜன்னலுக்கும் அட்டையில் அச்சு வெட்டினான். மூன்று இடத்தில் அகலம், இரண்டு மூலைவிட்டம் என்று அளந்தான். பலகைகளை அடுக்கி, பின்னால் மேலும் கீழும் குறுக்குச்சட்டம் வைத்து, நடுவே ஒரு சட்டத்தைச் சாய்வாகப் போட்டான். சாய்வுச் சட்டத்தின் அடிமுனை கீல் பக்கம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் கதவு தொங்கிவிடும். ஒவ்வொரு கதவின் முதுகிலும் ஜன்னல் எண்ணைப் பென்சிலால் எழுதினான். ஒன்றாம் எண் கதவு இரண்டாம் ஜன்னலுக்குச் சேராது. உலகத்தில் வேறு எந்த ஜன்னலுக்கும் சேராது.

மாட்டுவதற்கு மட்டும் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கதவைத் தூக்கி, அடியில் தீப்பெட்டி அட்டைக் கனத்துக்கு இடைவெளி விட்டுப் பிடிக்க, இன்னொருவர் திருகாணியை முடுக்க வேண்டும். பிடித்தது மகேஸ்வரி. ஒன்றாம் ஜன்னலுக்கும் பிடித்தாள், இரண்டுக்கும் பிடித்தாள், மே கடைசியில் மூன்றுக்கும் பிடித்தாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, "ஆச்சா, கை வலிக்குது" என்பாள். அவன் வேண்டுமென்றே மெதுவாக முடுக்குவான்.

இடையில் ஒருநாள் மகள் ஸ்னேகா வீடியோவில் கூப்பிட்டாள். அவள் சென்னையில் கல்லூரி முதலாண்டு, விடுதியில் இருக்கிறாள். கதவுகளைச் சுற்றிச் சுற்றிக் காட்டச் சொன்னாள். பிறகு, "அப்பா, இதைக் கழட்டி எடுத்துட்டு வர முடியுமா?" என்று கேட்டாள்.

"எதுக்குடா கழட்டணும்?"

"சும்மா கேட்டேன்ப்பா" என்றாள். அப்புறம் பரீட்சையைப் பற்றிப் பேசினாள்.

ஜூன் முதல் ஞாயிறு காலையில் மாதவி மாஷிமா மூச்சு வாங்கிக்கொண்டு படியேறி வந்தாள். மகேஸ்வரி காய்கறி வாங்கக் கரியாஹாட் சந்தைக்குப் போயிருந்தாள். மாஷிமா மூன்று ஜன்னல்களையும் திறந்து திறந்து மூடினாள். பலகையைத் தடவிப் பார்த்தாள். அவள் கண்ணில் நீர் வந்துவிட்டது. வங்காள மொழியில் நிறுத்தி நிறுத்தி, இவனுக்குப் புரிகிற மாதிரி சொன்னாள்.

"ராஜ், எத்தனையோ பேருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். போகும்போது பல்பைக் கூடக் கழற்றிக்கொண்டு போவார்கள். போகிற சமயத்தில் இப்படிச் செய்து வைத்துவிட்டுப் போகிறவரை நான் பார்த்ததே இல்லை."

சிவராஜுக்கு ஒன்றும் ஓடவில்லை. வயதானவள், பொதுவாக வாழ்க்கையைப் பற்றிப் பேசுகிறாள் என்று நினைத்தான்.

"எங்கே போகிறது, மாஷிமா?"

"சென்னைக்குத்தான். பௌமா போன மாதமே கடிதம் கொடுத்துவிட்டாளே. முப்பதாம் தேதி காலி செய்கிறோம் என்று. நாலாவது ஜன்னல் அதற்குள் முடிந்துவிடுமா? முடியாவிட்டாலும் பரவாயில்லை."

பௌமா என்றால் மருமகள். மாஷிமா மகேஸ்வரியை அப்படித்தான் கூப்பிடுவாள்.

அந்த இடத்தில் யாராக இருந்தாலும் என்ன செய்திருப்பார்கள்? எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பெண்டாட்டி வீட்டைக் காலி செய்கிற விஷயம் புருஷனுக்குத் தெரியாது என்று ஒரு வீட்டுக்காரியிடம் எந்த வாயால் சொல்வது? சிவராஜ் தலையாட்டினான். முடிந்துவிடும் மாஷிமா, முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் போவேன் என்றான். அவள் அவன் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்துவிட்டு இறங்கிப் போனாள். அவன் நான்காம் ஜன்னலுக்கு வெட்டி வைத்திருந்த பலகைமேல் உட்கார்ந்தான். கழட்ட முடியுமா என்று ஸ்னேகா கேட்டதன் அர்த்தம் அப்போதுதான் உறைத்தது. ஆக, குழந்தைக்கும் தெரியும். வீட்டுக்காரிக்குத் தெரியும். மகளுக்குத் தெரியும். தெரியாதவன் கதவு செய்துகொண்டிருந்தான்.

அன்றே கேட்டிருக்கலாம். அவன் கேட்கவில்லை. அவளாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தான். திங்கட்கிழமை சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை சொல்லவில்லை. புதன்கிழமை அவள் காபியோடு வந்து உட்கார்ந்தபோது வேண்டுமென்றே வழி திறந்துவிட்டான்.

"அடுத்த வெயிலுக்குச் சமையலறை ஜன்னலுக்கும் ஒரு ஜோடி போட்டுடலாமா, மகேஸ்?"

அவள் அவனைப் பார்த்தாள். கண்ணைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"போடுங்களேன். அந்தப் பக்கமும் சூடாத்தான் இருக்கு."

எவ்வளவோ பொய்களை மன்னிக்கலாம். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? சிவராஜ் காபியைக் குடித்து முடித்து, தம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வேலைக்குப் போனான். கதவில் தன் பெயர் இருந்த அறைக்குள் போய் உட்கார்ந்து, வரைந்த படத்தையே மறுபடி வரைந்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஊருக்கு மூட்டை கட்டுகிற மாதிரி தனித்தனியாக அடுக்குகிறாள் என்பதை அவன் பார்த்தான்.

"மாற்றல் எப்போ கேட்டே?" என்றான். "வந்ததா, நீ கேட்டதா?"

அவள் கை நின்றது. மாஷிமா சொன்னாளா என்று கேட்கவில்லை. அந்த மட்டும் நல்லது.

"நான்தான் கேட்டேன். பிப்ரவரில."

"ஆணி அடிக்கலாமான்னு நான் கேட்டது மார்ச்ல."

"தெரியும்."

"அடிங்களேன்னு சொன்னியே."

"ஆணிக்குத்தானே கேட்டீங்க" என்றாள். சொல்லிவிட்டு அவளே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நம்ம வீட்ல ஆணின்னா என்னன்னு உனக்குத் தெரியாதா, மகேஸ்? சட்டம் போட்டதே நீதானே."

மழைச் சத்தம் நான்காம் ஜன்னல் வழியாகத்தான் கேட்டது. மற்ற மூன்றில் கேட்கவில்லை. கதவுகள் அவ்வளவு நன்றாகப் பொருந்தியிருந்தன.

"உங்ககிட்ட எத்தனை தடவை சொன்னேன்" என்றாள் அவள். "சென்னை போயிடலாம், ஸ்னேகாகூட இருக்கலாம், எனக்கு அலுத்துப்போச்சுன்னு. பாக்கலாம், பாக்கலாம்னீங்க. வேண்டாம்னு ஒரு தடவையாவது சொன்னீங்களா? சொல்லியிருந்தா சண்டையாவது போட்டிருப்பேன். உத்தரவு கிடைக்குதோ இல்லையோ, கிடைச்சாச் சொல்லிக்கலாம்னு இருந்தேன். மே பதினஞ்சாம் தேதி கிடைச்சுது. அன்னிக்குச் சொல்லத்தான் வந்தேன். நீங்க தலை பூரா மரத்தூளோட பாட்டு முணுமுணுத்துட்டு இருந்தீங்க. இருபத்திரண்டு வருஷத்துல நீங்க பாடி நான் கேட்டதில்ல. அதைக் கெடுக்க மனசு வரல."

"அதுக்காகப் பலகையைப் பிடிச்சியா?"

"பிடிக்காம என்ன பண்றது."

"என் வேலை?"

அவள் தயங்கினாள். "அங்கேயும் ஏதாவது கிடைக்கும்ங்க. உங்களுக்கு எப்பவும் கிடைச்சுடும்."

"நான் வரமாட்டேன்னு சொல்லிட்டா?"

மகேஸ்வரி அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் குற்ற உணர்ச்சி இருந்தது, களைப்பு இருந்தது. பயம் மட்டும் துளிக்கூட இல்லை.

"வருவீங்க" என்றாள். "எப்பவும் வந்திருக்கீங்களே."

அதுதான் அவனைக் குத்தியது. மறைத்தது கூட அப்புறம். இவன் சம்மதம் கேட்க வேண்டிய ஆள் இல்லை என்று அவள் எப்போதோ முடிவு கட்டியிருக்கிறாள். லாரி வரும் நாளில் பீரோவிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. சிவராஜ் பதில் சொல்லவில்லை. அவன் பேசாமல் இருந்தால் சரி என்று அர்த்தம். அது அவளுக்கு இருபத்திரண்டு வருடப் பழக்கம். அவள் பெருமூச்சு விட்டு மறுபடி துணி மடிக்கத் தொடங்கினாள்.

திங்கட்கிழமை வேலைக்குப் போகும் வழியில் அவன் கீழ்வீட்டுக் கதவைத் தட்டினான். மாஷிமாவிடம் ஒரு விஷயம் சொல்லிவிட்டு டிராம் டிப்போ பக்கம் நடந்தான். மகேஸ்வரியிடம் அதைச் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது எவ்வளவு சுலபம் என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. இதில் ஒன்றும் பெருமையில்லை. நாக்கில் ஏதோ கசந்துகொண்டே இருந்தது.

இருபத்தெட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை, சாமான் ஏற்றும் கம்பெனியிலிருந்து பாபு என்று ஒரு ஆள் பட்டியல் எழுத வந்தான். மகேஸ்வரி முன்னால் நடந்து ஒவ்வொன்றாகக் காட்டினாள். பிரிட்ஜ், கட்டில், துணி துவைக்கிற இயந்திரம். சிவராஜ் நான்காம் ஜன்னல் அருகே கடைசிக் கதவுக்குக் கீல் பொருத்திக்கொண்டிருந்தான். பாபு மூன்று ஜன்னல்களையும் அண்ணாந்து பார்த்துவிட்டு, இந்தக் கதவுகள் போகுமா என்று இந்தியில் கேட்டான்.

"அது போகாது" என்றான் சிவராஜ். "ஆணி அடிச்சிருக்கு."

பாபு எழுதிக்கொண்டான். பீரோ? போகும். பீரோமேல் இருக்கிற போட்டோ?

மகேஸ்வரி வாயைத் திறப்பதற்குள் சிவராஜ் சொன்னான். "போகும். அதுக்கு ஆணி இல்ல."

பாபு அடுத்த அறைக்குப் போனான். மகேஸ்வரி போகவில்லை.

"உங்க துணியெல்லாம் எந்தப் பெட்டியில வைக்கட்டும்? நாளைக்கு ஏத்துறாங்க."

"எதுலயும் வேண்டாம். மாஷிமாகிட்டச் சொல்லிட்டேன். வாடகைச் சீட்டு இனிமே என் பேர்ல."

அவள் பக்கத்திலிருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்போ சொன்னீங்க?"

"ரெண்டு வாரமாச்சு."

"எங்கிட்ட ஏங்க சொல்லல?"

அவன் திரும்பிப் பார்த்தான். அவள் முகத்தில் வந்த நிறம், மூன்று வாரத்துக்கு முன்னால் பலகைமேல் உட்கார்ந்திருந்தவன் முகத்தில் இருந்ததுதான். அதைப் பார்த்தால் மனம் ஆறும் என்று நினைத்திருந்தான். ஆறவில்லை.

"விளையாடாதீங்க" என்றாள். "நான் மட்டும் எப்படிப் போறது?"

"ஆணி அடிச்சா அது வீட்டோடது, மகேஸ்."

அவன் கடைசிக் கதவைத் தூக்கி நிலையில் சாய்த்தான். முதுகில் பென்சிலால் 4 என்று எழுதியிருந்தது. திருகாணிகளை எடுத்து உதட்டில் கவ்விக்கொண்டான். அவள் பழக்கத்தில், தான் என்ன செய்கிறோம் என்று தெரியாமலேயே, தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து இரண்டு கைகளாலும் கதவைப் பிடித்தாள். கன்னத்தில் நீர் வழிந்துகொண்டிருந்தது.

"விட்டுடு" என்றான் அவன்.

கதவின் அடியில் இரண்டு சின்னக் கட்டைகள் இருந்தன. விடிந்ததும் முதல் வேலையாக, தீப்பெட்டி அட்டைக் கனம் இடைவெளி வருகிற மாதிரி அளந்து அவன் இழைத்து வைத்தவை. அவள் மெதுவாகக் கையை எடுத்தாள். கதவு அசையாமல் நின்றது. அவன் முதல் திருகாணியை வைத்து முடுக்கத் தொடங்கினான்.